வேர் இல்லாத ஆசாமி

வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வருகிறார் என்றால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, வாடகையை உயர்த்தப் போகிறார். இரண்டு, ஏற்கெனவே உயர்த்திவிட்டார், நமக்குத் தெரிவிக்க வருகிறார். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஏறி வந்தது, ஆச்சரியமாக, மூன்றாவதாக ஒரு காரணத்துக்கு.

"தம்பி, மொட்டை மாடிப் பக்கம் போய்ப் பார்த்தீங்களா? கைப்பிடிச் சுவர் பூரா பாசி. அது வேர் விட்டுச் சுவரைத் தின்னுக்கிட்டிருக்கு. பொங்கலுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கணும். சுரண்டிக் குடுத்துடுங்க. இல்லேன்னா நான் ஆள் விட்டுச் சுரண்டி, அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்."

நான் பி.காம். படித்தவன். 'கழிச்சுக்கறேன்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் எனக்கு லேசாக நெஞ்சு அடைக்கும். மற்ற நாளாக இருந்தால், "பாசியை நானா சார் வளர்த்தேன்?" என்று ஒரு கை பார்த்திருப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. "இன்னிக்கே சுரண்டிடறேன் சார்" என்றேன்.

காரணம் இருந்தது. மூன்று நாள் முன்னால்தான் அப்பா அதே மொட்டை மாடியில் வழுக்கி விழுந்திருந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு. ராத்திரி முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில், யாரிடமும் சொல்லாமல் மேலே போயிருக்கிறார். அங்கே வடக்குப் பக்கச் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவது அவர் வழக்கம். அம்மா போன இந்த இரண்டு வருஷமாகத் தினமும் உட்காருகிறார். என்ன செய்கிறார் என்று கேட்டால், "சும்மாதான்" என்பார்.

விழுந்தவரைத் தாங்கிப் பிடித்துக் கீழே கொண்டுவந்தபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "வலிக்குதாப்பா?" என்பது. நான் கேட்டது வேறு.

"எழுபத்து நாலு வயசுல மழையில மாடியில என்ன வேலை உங்களுக்கு? எனக்குச் செலவு வைக்கணும்னே கிளம்பறீங்களா?"

சொல்லி முடித்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். ரிவர்ஸ் என்ட்ரி போட முடியாது. உண்மையில் என் கோபம் அப்பா மேல் இல்லை. அந்த மாதம் வரவேண்டிய ஒரு செக் வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் வரவேண்டியதும் வரவில்லை. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனின் கோபம் எப்போதும் அட்ரஸ் மாறித்தான் டெலிவரி ஆகும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அதற்கப்புறம் நான் கேட்டதற்கெல்லாம் "ம்", "வேணாம்", "சரி." அவ்வளவுதான். கூட்டுறவு பாங்கில் 34 வருஷம் லெட்ஜர் எழுதியவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டார்.

ஆகவே அன்றைக்கு நான் மாடி ஏறியது வீட்டுக்காரருக்காக இல்லை. பழிவாங்க! ஒரு கையில் கம்பி பிரஷ், இன்னொரு கையில் அரை கிலோ பிளீச்சிங் பவுடர்.

* * *

தரையை ஒரு பிடி பிடித்துவிட்டு, சுவரில் பிரஷ்ஷை வைக்கப் போன சமயத்தில் படியில் காலடிச் சத்தம். என் சிநேகிதன். ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அவன் பெயரே எங்கள் செட்டில் மறந்துபோய் 'பாட்டனி' என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்தவன், மேலே சத்தம் கேட்டு ஏறி வந்திருக்கிறான்.

"நிறுத்துடா பாவி! தப்பான ஆளை என்கவுன்டர் பண்றே!"

"எது தப்பான ஆளு? இந்தப் பாசிதான் எங்கப்பா கையை உடைச்சுது."

"இது இல்ல. அது" என்று தரையைக் காட்டினான். "நம்ம ஊர்ல பச்சையா எதைப் பார்த்தாலும் பாசின்னுடறோம். தரையில வழவழன்னு இருந்துதே, அது ஆல்கா, நீலப்பச்சைப் பாசி வகையறா. அதைச் சுத்திக் கோந்து மாதிரி ஒரு உறை. மழை பட்டா கோந்து ஊறி வழுக்கும். சுவர்ல வெல்வெட் மாதிரி இருக்கே, இது மாஸ். இதுக்குத் தண்டு உண்டு, இலை உண்டு. பேர் ஒண்ணுங்கறதுக்காக ஆள் ஒண்ணாயிடுமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கொடுத்தான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது அவன் பையில் இருக்கும். சுவரோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். வெல்வெட் என்று நினைத்தது ஒரு காடு! ஒவ்வொரு மரமும் அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒவ்வொன்றிலும் சுற்றிச் சுற்றி இலைகள், கண்ணாடித் தாள் மாதிரி.

"ஹையோஃபிலா இன்வொலூட்டா" என்றான். ஏதோ இத்தாலி நாட்டு நடிகை பெயர் மாதிரி இருந்தது. "நம்ம ஊர் சிமென்ட் சுவர்ல சாதாரணமாக் கிடைக்கிற மாஸ். காஞ்சா இலையை உள்பக்கமாச் சுருட்டிக்கும். அதான் இன்வொலூட்டா."

"சரி, வீட்டுக்காரர் சொல்றாரே, வேர் விட்டுச் சுவரைத் தின்னுதுன்னு?"

"வேரா? இதுக்கா?" என்று அவன் சிரித்த சிரிப்பில், எதிர்வீட்டு மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

பள்ளியில் பாட்டனி எடுத்தவர்கள் ஃபியுனேரியா என்று ஒன்றைப் படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க் வாங்கியிருப்பீர்கள். என்னைப் போன்ற காமர்ஸ் ஆசாமிகளுக்காகச் சொல்கிறேன். உலகத்தில் மாஸ் சுமார் 12,000 வகை இருக்கிறதாம். ஒன்றுக்குக்கூட உண்மையான வேர் கிடையாது. அடியில் முடி மாதிரி இருப்பவற்றுக்கு 'வேரிகள்' என்று பெயர். அவற்றின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிறோமே, அதுபோல. கம்பியிலிருந்து நாம் சாப்பிடுவதில்லை அல்லவா? ஈரத்தில் கரைந்து சுவரிலிருந்து வருகிற உப்பும் கொஞ்சம் சேரும்தான். ஆனால் பெரும்பாடு சாப்பாடு மேலேயிருந்து வருகிறது.

"மேலேயிருந்துன்னா?"

"மழையில நைட்ரஜன் உப்பு கரைஞ்சிருக்கும். தூசியில கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், கொஞ்சம் பாஸ்பரஸ். பனி, மூடுபனி, பக்கத்து மரத்து இலையிலேர்ந்து சொட்டற தண்ணி. காக்கா எச்சம் விழுந்தா அது போனஸ். மத்த செடி வேர்ல உறிஞ்சிக் குழாய் வழியா மேலே அனுப்பும். பெரும்பாலான மாஸ்ல அந்த மாதிரி நல்ல குழாயே கிடையாது. இலையோட கனம் ஒரே ஒரு செல். மேலே மெழுகுப் பூச்சும் பேருக்குத்தான். அதனால உடம்பு பூராவுமே வாய்!"

பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீயும் அதே கேஸ்தாண்டா. வேர் கிடையாது. மேலேர்ந்து எப்ப விழும்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே வாழறே."

சிநேகிதன் என்றால் இப்படித்தான். சாத்துக்குடியும் கொண்டுவருவான், குத்தவும் குத்துவான். ஆனால் அந்த வாக்கியத்துக்கப்புறம் எனக்கு அந்தச் சுவர்மேல் ஓர் உறவு வந்துவிட்டது. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

* * *

"எப்பவோ ஒரு தடவை விழறதை வச்சுக்கிட்டு இது எப்படிடா வண்டி ஓட்டுது?" என்றேன். இது தாவரவியல் கேள்வி இல்லை. என் சொந்த பட்ஜெட் கேள்வி.

பாட்டனி நாற்காலியில் உட்கார்ந்தான். சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

மாஸின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரில் அமிலச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றில் வரிசையாக எதிர்மின் கொக்கிகள். சட்டை மாட்டுகிற கொக்கி மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கொக்கியிலும் ஆரம்பத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனி தொங்கும். மழையில் கரைந்து ஒரு கால்சியம் அயனி வருகிறது. அதற்கு இரண்டு மின்சுமை, அதாவது இரண்டு கை. உடனே இரண்டு கொக்கிகளில் இருக்கும் ஹைட்ரஜன்கள் இறங்கி வெளியே போகும். அந்த இடத்தில் கால்சியம் ஏறிக்கொள்ளும். மழை நின்று தண்ணீர் வழிந்து போன பிறகும் கால்சியம் அங்கேயே இருக்கும். வந்ததற்கு ஈடாக ஒன்று போயே ஆக வேண்டும்.

"டபுள் என்ட்ரி!" என்று கத்தினேன்.

பின்னே? 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி புத்தகம் போட்டு உலகத்துக்கே இரட்டைப் பதிவுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார் என்று முதல் வருஷ அக்கவுன்டன்ஸியில் படித்திருக்கிறேன். இந்தச் சுவர்ப் பாசியின் குடும்பம் பல கோடி வருஷமாக அதைச் செய்துகொண்டிருக்கிறது. ராயல்டிகூடக் கேட்கவில்லை.

குளிர்நாடுகளின் சதுப்புகளில் ஸ்ஃபாக்னம் என்று ஒரு மாஸ் இருக்கிறது. நர்சரிகளில் ஆர்க்கிட் செடிக்கு அடியில் வைக்க விற்பார்களே, அதுதான். அது இந்தக் கொடுக்கல் வாங்கலில் வெளியே விடுகிற ஹைட்ரஜனும் சேர்ந்து, சுற்றியிருக்கும் தண்ணீர் ஏறக்குறையத் தக்காளிச் சாறு அளவுக்குப் புளித்துவிடுகிறதாம். அந்தப் புளிப்பில் மற்ற செடிகள் பலவற்றுக்குக் காலூன்ற முடியாது. தன் வரவுசெலவை வைத்தே போட்டியாளர்களைக் காலி செய்கிற சாமர்த்தியம்!

இத்தோடு முடியவில்லை. கொக்கியில் தொங்குவது வராந்தாவில் வைத்த சாமான். உள்ளே லாக்கரும் உண்டு. கால்சியத்தில் பெரும்பகுதி வராந்தாவிலேயே இருக்கும். பொட்டாசியத்தில் பெரும்பகுதியை மாஸ் செல்லுக்குள் கொண்டுபோய்ப் பூட்டிவிடும். மக்னீசியம் இரண்டு இடத்திலும்.

அப்புறம் வெயில் வரும். தண்ணீரைச் சேமிக்க மெழுகும் இல்லை, இழுக்க வேரும் இல்லை. எனவே மாஸ் எதிர்ப்பே தெரிவிக்காமல் காய்ந்துபோகும். சாகாது. கடையைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துக்கொள்ளும். வளர்ச்சி இல்லை, மூச்சுகூடக் கிட்டத்தட்ட இல்லை. சில இனங்கள் இப்படி வருஷக்கணக்கில் கிடந்துவிட்டு எழுந்திருக்கின்றன. மறுபடி மழை பெய்ததும் தண்ணீர் உள்ளே பாயும். அந்த முதல் சில நிமிஷங்கள்தான் கண்டம். காய்ந்து கிடந்த செல்லின் சவ்வு ஒழுகும். லாக்கரில் இருந்த பொட்டாசியம் வெளியே கசியும்.

"போச்சா?" என்றேன் பதற்றமாக.

"முழுசாப் போகாது. வெளியிலதான் கொக்கி இருக்கே? கசியறதில ஒரு பங்கை அது பிடிச்சு வச்சுக்கும். சவ்வு ரிப்பேர் ஆனதும் மறுபடி உள்ளே எடுத்துக்கும்."

எனக்கு என் மனைவி ஞாபகம் வந்தாள். என் சட்டைப் பையிலிருந்து சில்லறை வாஷிங் மெஷினில் விழுந்தால், அதைப் பொறுக்கிக் கடுகு டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் எனக்கே கடன் கொடுப்பாள்.

கடைசி ஐட்டம்: மாஸ் நுனியில் வளரும், அடியில் பழுப்பாகிப் போகும். அப்படிப் போகிற பழைய பகுதி, தன்னிடம் இருக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவற்றில் ஒரு பகுதியை மேலே, புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். வடதேசத்துக் காடுகளில் ஹைலோகோமியம் என்று ஒரு மாஸ், வருஷத்துக்கு ஒரு மாடி வீதம் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டே போகும். கீழ்மாடியைக் காலி செய்துதான் மேல்மாடிக்குச் சாமான்.

குடித்தனக்காரர்களும் உண்டு! ஸ்காண்டிநேவியக் காடுகளில் தரையெல்லாம் மெத்தை மாதிரி ப்ளூரோசியம் என்று ஒரு மாஸ். அதன் இலைகளுக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் சத்தாக மாற்றத் தெரிந்த பாசி அது. 2002-ல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஹெக்டேருக்கு வருஷம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ நைட்ரஜன் இந்த வழியில் சேருவது தெரிந்தது. உரமே இல்லாத காட்டில் அது பெரிய வரவு. வாடகையைச் சத்தாக வசூலிக்கும் வீட்டுக்காரர். நம்மவருக்கு இந்தத் தகவலைச் சொல்லவில்லை. ஐடியா கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

* * *

"சூப்பர்டா. இவ்வளவு கெட்டிக்காரச் செடிக்குக் கவலையே இல்லை" என்றேன்.

பாட்டனி தலையை ஆட்டினான். "ஒரு கவலை உண்டு. இதுக்கு வேணாம்னு சொல்லத் தெரியாது."

மற்ற செடிகளின் வேரில், உள்ளே நுழைவதற்கு முன் ஒரு தடுப்பு அடுக்கு இருக்கிறது. ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி மாதிரி. யார், எங்கே, யாரைப் பார்க்கணும் என்று ஓரளவுக்கு விசாரித்துத்தான் விடும். அதையும் தாண்டிச் சிலது போகும் என்றாலும், விசாரணை என்று ஒன்று உண்டு. மாஸுக்கு உடம்பெல்லாம் வாசல். கால்சியத்துக்கு வைத்த கொக்கியில் காட்மியம் வந்தாலும் மாட்டிக்கொள்ளும், ஈயம் வந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

இதை முதலில் உபயோகப்படுத்தியவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1960-களின் கடைசியில் ரூலிங், டைலர் என்று இரண்டு விஞ்ஞானிகள், காற்றில் எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மாஸைப் பறித்துச் சோதித்தார்கள். மெஷின் வேண்டாம், கரன்ட் வேண்டாம், மாஸே மீட்டர். 1990 முதல் ஐரோப்பாவின் பல நாடுகள் சேர்ந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்த மீட்டரைப் படித்துக் காற்றின் உலோக வரைபடம் போடுகின்றன.

அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரத்தில் 2013 டிசம்பரில், அந்நாட்டு வனத்துறை விஞ்ஞானிகள் தெரு மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகள் எடுத்தார்கள். சோதித்தபோது இரண்டு இடங்களில் காட்மியம் எகிறியது. இரண்டுக்கும் பக்கத்தில் வண்ணக் கண்ணாடித் தொழிற்சாலை. 2016-ல் விஷயம் வெளியே வந்து, ஊர் கொந்தளித்து, கண்ணாடித் தொழிற்சாலைப் புகைக்குப் புதுக் கட்டுப்பாடே வந்தது. மரத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்த மாஸ் ஊமைச் சாட்சியாக எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்திருக்கிறது!

"இன்னொண்ணு" என்றான் பாட்டனி. "எல்லாத்தையும் ஒரே மாதிரி பிடிக்காது. ஒத்தைக் கை இருக்கிற பொட்டாசியம், சோடியம் எல்லாம் லேசாத் தொங்கும். அடுத்த மழையில கழண்டாலும் கழண்டுடும். ஈயம் வந்து ஏறிச்சுன்னு வை, இறுக்கிடும். அப்புறம் நீ எத்தனை தடவை நல்ல தண்ணியா ஊத்தினாலும் சுலபத்தில இறங்காது."

நான் பதில் பேசவில்லை. அப்பா நினைவு வந்துவிட்டது. அந்த மூன்று நாளில் நான் ஐந்து தடவை காபி கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். இரண்டு தடவை "வலி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டிருந்தேன். பேப்பரை மடித்துப் படிக்க வசதியாக வைத்துவிட்டும் வந்திருந்தேன். எல்லாம் பொட்டாசியம்.

வீட்டுக்காரரிடம் பாட்டனியே வந்து பேசினான். "சார், இது சுவரைத் தின்னாது. ஆனா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், விரிசல் இருந்தா அது நல்லதில்லை. வெளிப்பக்கம் சுரண்டிடலாம். உள்பக்கம் அந்த மூணடி மட்டும் இருக்கட்டும்." கல்லூரி வாத்தியார் என்பதால் கொஞ்சம் மரியாதை. வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "மூணடிக்குப் பெயிண்ட் மிச்சம்னு வாடகையில எல்லாம் குறைக்க முடியாது" என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

* * *

மார்ச் வந்தது. அப்பாவுக்குக் கட்டுப் பிரித்து வெகு நாளாயிற்று. பேச்சு இன்னும் "ம்", "சரி"தான். மாடியில் அந்த மூன்றடி பச்சையும் பழுப்பாகி, சுருண்டு, சுவரில் ஒட்டிய காப்பித்தூள் மாதிரி ஆகியிருந்தது.

ஒருநாள் பகல் ஒரு மணிக்குத் துணி எடுக்க மேலே போனேன். அப்பா! உச்சி வெயிலில், இடது கையில் ஒரு மக். வலது கையால் தண்ணீரை அள்ளி அள்ளிச் சுவரில் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், மார்க் ஷீட்டை ஒளித்த பையன் மாதிரி மக்கைப் பின்னால் கொண்டுபோனார்.

"காஞ்சு போச்சு" என்றார். பிறகு, "தினம் தெளிக்கறேன். பச்சை வருது, உடனே போயிடுது."

நான் பாட்டனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயோ, அப்பா, அப்படித் தெளிக்காதீங்க!" என்று அலறினான். "தண்ணி பட்டதும் அது எழுந்து முதல்ல ரிப்பேர் வேலை பார்க்கும். சேர்த்து வச்ச சர்க்கரையைச் செலவு பண்ணித்தான் பார்க்கும். அப்புறம் ஈரம் நின்னாத்தான் வெயிலை வச்சு மறுபடி சம்பாதிக்கும். நீங்க கொஞ்சூண்டு தெளிச்சுப் பத்து நிமிஷத்துல காஞ்சுதுன்னா, செலவு மட்டும் ஆகும், வரவு வராது. அமெரிக்காவில கொலராடோ பக்கம் பாலைவனத்துல இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. கோடையில தடவைக்கு 1.2 மில்லிமீட்டர்னு அடிக்கடி தண்ணி விட்டாங்க. அந்த மாஸ் சீக்கிரமே செத்துப்போச்சு. 2012-ல வந்த ஆராய்ச்சி."

இருநூறு ரூபாய் செக்கை வாங்க முந்நூறு ரூபாய் ஆட்டோவில் போவது. எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பல தடவை போயிருக்கிறேன்.

"சும்மா விட்டா அதுவே மழை வரைக்கும் தூங்கும்பா. ஊத்தியே ஆகணும்னா, விடியக்காலையில, வெயில் வர்றதுக்கு முன்னாடி, நல்லாச் சொட்டச் சொட்ட ஊத்துங்க. சில மணி நேரமாவது ஈரம் நிக்கணும்."

போனை வைத்தேன். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளும் அப்படித்தான் ஊத்துவா" என்றார்.

"யாருப்பா?"

"உங்கம்மா. காலையில ஆறு மணிக்குத் துளசிக்கு ஊத்திட்டு, குடத்துல மிச்சம் இருக்கிறதை இந்தச் சுவர்ல கொட்டிட்டுத்தான் இறங்குவா. எதுக்குடி சுவருக்குத் தண்ணின்னு கேட்டா, 'பச்சையா இருக்கே, பாவம்'பா."

துளசித் தொட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு வட்டக் கறை மட்டும் இருக்கிறது. அம்மா போன அந்த வருஷமே செடி பட்டுப்போய்விட்டது. அதை எடுத்துக் கீழே வைத்தது நான்தான். மிச்சத் தண்ணீர் எங்கே போயிற்று என்று நான் எப்போதும் யோசித்ததில்லை. அப்பா இரண்டு வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி பாட்டனிக்கு மறுபடி போன் செய்தேன். "பழசிலேர்ந்து புதுசுக்குச் சத்து போகும்னியே. ரெண்டு மூணு வருஷம் முன்னாடி ஊத்தின தண்ணியில இருந்தது இன்னும் அதுல இருக்குமாடா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். வாத்தியார், பொய் சொல்ல மாட்டான். "எவ்வளவுன்னு சொல்ல முடியாதுடா. கொஞ்சம் இருக்கலாம். கைமாத்திக் கைமாத்தி மேலே வந்திருக்கலாம்" என்றான்.

எனக்கு அது போதும்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்தேன். என் மனைவி, எனக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். அப்பா ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். மக்கால் மொண்டு மொண்டு, மேலிருந்து கீழாக, சொட்டச் சொட்ட ஊற்றினேன்.

லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. சுருண்டு கிடந்த காப்பித்தூள் அசைந்தது. ஒவ்வொரு இலையாக முறுக்கு அவிழ்ந்து விரிந்தது. பச்சை வந்தது. அப்பா குனிந்து, விரிசல் விட்டுச் சேர்ந்த அந்த வலது கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"அப்பா, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

"ம்" என்றார்.

சரி, ஈயம்தான். இறங்க நாளாகும் என்று நினைத்தபடி காலி வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"டேய்" என்றார் பின்னாலிருந்து. "தரையெல்லாம் தண்ணி. பார்த்துப் போ. வழுக்கும்."